மாப்பிள்ளை விசாரிக்க மூன்ஸ்ரருக்கு

என் வீட்டு வாசலோர அலுமாரிக்குள், பனிச்சப்பாத்துகளுக்குப் பின்னால், ஒரு கறுப்புக் குடை சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நீளக் குடை. மரக் கைபிடி, கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளிறிப் போயிருக்கிறது. அது விரியாது. உள்ளே இரண்டு கம்பிகள் முறிந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வலிந்து விரித்தால் துணி கிழிந்துவிடும். மழைக்கு உதவாத குடையை எதற்கு வைத்திருக்கிறாய் என்று மனைவி கேட்டாள். இது மழைக்கான குடை இல்லை என்றேன். இருபத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்தவள், அதற்கு மேல் கேட்கவில்லை.

முதன்முதலாக அந்தக் குடையை நான் பார்த்தபோது அது சனக்கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், செங்குத்தாகப் போய்க்கொண்டிருந்தது. பிடித்திருந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். இடம் ஜேர்மனியில் மூன்ஸ்ரர் என்ற நகரம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யூன் மாதத்துச் சனிக்கிழமை. சுற்றுலாக் குழுக்களை நடத்திச் செல்பவர்கள் ஆட்கள் தொலைந்து போகாமலிருக்கக் குடையை இப்படி உயர்த்திப் பிடிப்பார்களே, அப்படிப் பிடித்துக்கொண்டு அத்தான் முன்னால் நடந்தார். அவருடைய குழுவில் மொத்தம் ஒரு ஆள். நான்.

நான் அங்கே ஊர் பார்க்கப் போகவில்லை. உளவு பார்க்கப் போயிருந்தேன்.

அப்போது நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினைந்தாம் மாடியில் இருந்தோம். நாங்கள் என்றால் அக்கா, அக்காவின் பத்து வயது மகள், நான். லிஃப்ற் மூன்றில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது. அத்தான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம். கனடாவுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் ஜேர்மனியோடு விட்டுவிட்டான். நாலு வருடம் கழித்து அக்காவும் பிள்ளையும் நானும் கொழும்பிலிருந்து வேறொரு வழியில் வந்து ரொறன்ரோவில் இறங்கினோம். எங்கள் அகதி வழக்கு சரிவந்தது. அவருடைய வழக்கு அங்கே இழுபட்டது. ஆறு மாதத்துக்கொரு தடவை விசாவைப் புதுப்பித்துக்கொண்டு, அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் பொலிஸில் கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார். இடையிடை அக்காவுக்குக் கடிதமும் வரும். ஸ்பொன்சர் பண்ணுவதற்கு எல்லாம் ஆயத்தம், போமில் கையெழுத்து வைத்தால் போதும் என்று அக்கா சொல்வாள். "பாப்பம்" என்பார். அடுத்த ஞாயிறும் பாப்பம். ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் பாப்பம் என்றே போயின.

பிறகு ஒரு பிறந்தநாள் விழா. ஜேர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு அன்ரி, கையில் றோல்ஸோடு, அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்திருந்தார். "உங்கட அவரைக் கண்டனான் பிள்ளை. ஒரு வெள்ளைக்காரியோட போறார். அவளின்ர பையையும் இவர்தான் தூக்கிக்கொண்டு போறார்" என்று சொல்லிவிட்டு மிச்ச றோல்ஸைக் கடித்தார். அக்கா தன் தட்டிலிருந்ததைத் தொடவில்லை. ரிசுக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மூன்று நாள் அது குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசும்போது, விசாரித்து வர ஒரு ஆளை அனுப்புவார்கள். அக்காவின் கலியாணத்துக்குப் பெரியப்பா போனார். அத்தானின் ஊர்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் அரை நாள் இருந்து, நாலு பதிலோடு திரும்பி வந்தார். குடி இல்லை. புகை எப்போதாவது. பெண் தொடசல் இல்லை. நில அளவைக் கந்தோரில் வேலை, நிரந்தரம். கேள்விகள் காலங்காலமாக அந்த நாலுதான். பதில்கள் சரியாக இருந்தபடியால் கலியாணம் நடந்தது. இப்போது, பதினொரு வருடத்துக்குப் பிறகு, அக்கா இரண்டாவது தடவை விசாரிக்க ஆள் அனுப்பினாள். தன் புருஷனையே மாப்பிள்ளை விசாரிக்க வைத்த பெண் எங்கள் பரம்பரையில் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

காரணம் வசதியாக அமைந்தது. பாரிஸில் என் நண்பன் ஒருவனுக்குக் கலியாணம். என்னிடம் புத்தம் புதிய கனடியப் பாஸ்போட் இருந்தது, அதை ஒரு தடவையாவது யாரிடமாவது நீட்டிப் பார்க்க வேண்டுமென்ற ஆசையும் இருந்தது. புறப்படும் அன்று அக்கா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு பையும், பிள்ளையின் பள்ளிக்கூடப் படமும், ஒட்டப்படாத ஒரு பெரிய என்வலப்பும் தந்தாள். உள்ளே அந்தப் போம்.

"ஆளைப் பார். அறையைப் பார். எல்லாம் சரியெண்டால் உதைக் குடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா. சரியில்லையெண்டால் எடுக்காத. பைக்குள்ளயே கிடக்கட்டும், அப்பிடியே திருப்பிக் கொண்டு வா."

"நேர கேட்டால் என்ன?"

"நேர கேட்டால் ஆர் சொல்லுவினம்? நீ பாத்துக்கொண்டு வா."

எனக்கு இருபத்தேழு வயது. அக்காவின் வாழ்க்கை என் தோள்பையின் முன் அறைக்குள், ஒரு சிப்புக்குப் பின்னால் இருந்தது. பாரிஸில் ஆடிய ஆட்டத்திலும் அந்தப் பையை நான் கழற்றி வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை மூன்ஸ்ரர் ஸ்ரேசனில் இறங்கினேன். அத்தானை அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் போகுமோ என்று பயந்திருந்தேன். கடைசியாக அவரைக் கண்டபோது நான் அரைக்காற்சட்டைக்கும் நீளக் காற்சட்டைக்கும் நடுவில் இருந்தவன். அவரோ கையில் குடையோடு நின்றார். வானத்தில் ஒரு முகில் இல்லை.

"மழை வருமோ அத்தான்?"

"இஞ்ச ஒண்டில் மழை பெய்யும், இல்லாட்டி மணி அடிக்கும். ரெண்டும் சேந்து நடந்தால் ஞாயிற்றுக்கிழமையாம். இஞ்சத்தைச் சனம் சொல்லுறது." குடையைத் தூக்கிக் காட்டினார். "ஆனா இது மழைக்கில்லை."

முகம் கழுவ வேண்டும், முதலில் உங்கள் அறைக்குப் போவோம் என்றேன். அது நான் ரெயிலில் வரும்போதே யோசித்து வைத்த வசனம். ஸ்ரேசனிலேயே கழுவலாம், நல்ல சுத்தம் என்று ஒரு நாணயத்தைக் கையில் வைத்தார். கழுவும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஆள் மறைக்கிறார் என்று கண்ணாடிக்குள் இருந்தவன் சொன்னான்.

வெளியே வந்ததும் குடை உயர்ந்தது. நடை தொடங்கியது. நகரத்தைச் சுற்றி முன்னொரு காலம் கோட்டை மதில் இருந்த இடத்தில் இப்போது மரங்கள் இரண்டு பக்கமும் நின்று கூரை போடும் ஒரு வட்டப் பாதை. அதில் சைக்கிள்கள் மீன்கூட்டம் போல வந்துகொண்டிருந்தன, மணியடித்து, விலகி, மறுபடியும் சேர்ந்து. மதில் எப்போது கட்டியது, எப்போது இடித்தது, இடித்த கல் எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று அத்தான் சொன்னார். சொன்னது என்னிடம் இல்லை. என் தலைக்கு மேலே, பின்னால் நிற்கும் இருபது பேருக்கும் கேட்கும்படியான ஒரு குரலில். நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தமிழில்தான் சொன்னார், ஆனால் கைகளும் புருவமும் வேறு யாருடையவோ போலிருந்தன. ஊரில் நான் அறிந்த அத்தான் சபையில் வாய் திறக்காதவர். தன் கலியாண வீட்டிலேயே தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்குத் தலையாட்டியவர்.

பெரிய கடைத்தெருவுக்கு வந்தோம். முக்கோண முகப்புகள், வரிசையாக, ஒன்றைப் போல மற்றொன்று இல்லாமல், கீழே வளைவுத் தூண்களோடு. நானூறு வருடப் பழமை என்று நினைத்தேன். அத்தான் என் நினைப்பைப் பிடித்துவிட்டார்.

"எல்லாம் புதுசு மச்சான். யுத்தத்தில குண்டு போட்டுத் தரைமட்டம். பிறகு முந்தி இருந்த மாதிரியே எழுப்பினவங்கள். பொய் வீடு எண்டு நக்கலடிக்கிறவையும் இருக்கினம்." ஒரு தூணைத் தட்டினார், மாட்டைத் தட்டுவது போல. "ஆனா பார், அளவு இருந்தபடியாத்தான் எழுப்ப ஏலுமாக் கிடந்தது. அளந்து வைக்காத ஊர் போனாப் போனதுதான்."

நில அளவைக் கந்தோர்க்காரர் பேசினார். நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிக்கொண்டே அந்தத் தெருவில் போகிற வெள்ளைக்காரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று. சிரித்தார்கள். அதுதான் பிரச்சினை. பூக்கடைக்காரி சிரித்தாள், பாண் கடையில் ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள், தபால்காரன் சைக்கிளை நிறுத்தி ஏதோ பகிடி விட்டான். குடையைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் சிரிப்பு. ரொறன்ரோவில் ஆறு வருடமாக நான் ஏறி இறங்கிய லிஃப்றில் எனக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

தெரு முடிவில் ஒரு தேவாலயம். கோபுரத்தில், மணிக்கூட்டுக்கு மேலே, மூன்று இரும்புக் கூடுகள் தொங்கின. அத்தான் குடையால் சுட்டினார். முன்னொரு காலத்தில் கலகம் செய்த மூன்று பேரைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை அதற்குள் போட்டுத் தொங்கவிட்டார்களாம், சனம் பார்க்க வேண்டுமென்று.

"எங்கட சந்தி லைற் போஸ்ட் ஞாபகம் வருதோ? துரோகியெண்டு சுட்டுக் கட்டி விட்ட ஆக்கள்?"

"ஓம்."

"எனக்கும் வந்தது. முதல் வருசம் நான் இந்தத் தெருவால வாறேல்லை. சுத்திப் போவன்." குடை இறங்கி அவர் காலடியில் நின்றது. தெருவில் அது கீழிறங்கியது அந்த ஒரு தடவைதான். "ஆனா உவங்கள் கூட்டைக் கழட்டேல்லை. குண்டு போட்டுக் கோபுரம் சேதமான பிறகும் திருப்பிக் கொழுவி வைச்சிருக்கினம். செய்ததைச் செய்தம் எண்டு வைச்சிருக்கினம். அது எனக்குப் பிடிச்சுப் போச்சு."

பன்னிரண்டு மணிக்குப் பெரிய தேவாலயத்துக்குள் ஒரு பழைய மணிக்கூட்டின் முன் கூட்டத்தோடு நின்றோம். அதன் முள் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. மணி அடித்ததும் மேலே ஒரு கதவு திறந்து பொம்மை அரசர்கள் ஊர்வலம் வந்து குழந்தைக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார்கள். இதை எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள் என்று கேட்டேன். வேலைக்குப் போகும் வழியில் வாரத்துக்கு இரண்டு தரமாவது என்றார். நேர்த்திக்கடன் போலச் சொன்னார். ஆள் சைவ சமயம்.

வெளியே சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை. அங்கேதான் அந்தப் பெண் வந்தாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்த உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் சிவப்புக் குடை, மற்றக் கையில் உருளைக்கிழங்குப் பை. அத்தான் எனக்கு ஏதோ ஒரு சிலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் சற்றுத் தள்ளி நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் பையைக் கீழே வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள். "ஹெர் கொலேகெ" என்று அத்தானை விளித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து நெடுநேரம் பேசினாள். அத்தான் நிலத்தைப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு இல்லை என்பது போலவும் தலையாட்டினார். அதன் பின் அவளுடைய பையை வாங்கித் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தார். நான் பின்னால் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு போறார். றோல்ஸ் கடித்த அன்ரியின் வாய் என் காதுக்குள் அசைந்தது.

"ஆர் அவ?"

"கைட். இருபத்தேழு வருசமா இந்த ஊரைச் சனத்துக்குக் காட்டுறா." ரெஸ்ரோரன்ரில் தனக்கு மத்தியானம் ரெண்டரைக்கும் அஞ்சுக்கும் இடையில் வேலை இல்லை, போக இடமும் இல்லை, அதனால் அவவின் குழுவுக்குப் பின்னால் நடப்பதாகச் சொன்னார். மொழி அப்படித்தான் வந்ததாம். "முதல்ல என்னைப் பிக்பொக்கற் எண்டு நினைச்சவாவாம். பையை இறுக்கிப் பிடியுங்கோ எண்டு சனத்துக்குச் சொன்னவாவாம். மூண்டாம் மாசம், இவ்வளவு பேருக்கும் முன்னால என்னைத் திடீரெண்டு கேட்டா, உந்தக் கோபுரம் எத்தினை மீற்றர் எண்டு. சொன்னன்."

"குடை?"

"காத்துக்குக் கம்பி முறிஞ்சு போச்சு. அவ குப்பைவாளிக்குள்ள போட்டா. நான் எடுத்தன்."

"என்னவோ கொலேகெ எண்டா?"

"கூட வேலை செய்யிற ஆள் எண்டு அர்த்தம்." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். காது சிவந்திருந்தது.

"அவ்வளவு நேரமும் என்ன சொன்னவா?"

"சும்மா. வெயில் நல்லதாம்."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவு குட்டி மொழிபெயர்ப்பா என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். என் கை, பையின் சிப்பில் இருந்தது.

அறைக்கும் கூட்டிப் போனார். நான் எதிர்பார்த்த ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாடு அங்கே ஏற்பாடாகி இருந்தது, அவ்வளவுதான். மூன்று பேர் இருக்கும் அறை. மற்ற இருவரும் மட்டக்களப்பார். அவர்களில் ஒருவர் அக்காவின் தூளைப் போட்டுக் கோழிக்கறி வைத்துக்கொண்டிருக்க, நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு விசாரணை நடத்தினேன். பல்துலக்கும் பிரஷ் மூன்று. ஆட்கள் மூன்று. சீப்பில் நீள முடி இல்லை. கிளிப் இல்லை, கிறீம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பியர்ப் போத்தல். நான் அதையே பார்ப்பதைக் கண்ட கறிக்காரர், "அது என்ட, தம்பி. உங்கட அத்தான் குடிக்கிறல்ல. அவருக்கு வெறி ஏத்துறது இந்த ஊர்க் கல்லுத்தான். ஒவ்வொரு நாளும் ராவைக்கு எங்களுக்கு ஒரு கோயில்ர கதை. நாங்க நித்திரையானாலும் விடமாட்டார்" என்றார். அத்தான் சிரித்துக்கொண்டு சோறு போட்டார். அவருடைய கட்டில் பக்கச் சுவரில் நகரத்தின் வரைபடம் ஒன்று. அதன் கீழே பிள்ளையின் படங்கள், வயது வாரியாக. நான் கொண்டுபோன புதுப் படத்தை அன்றைக்கே ஒட்டினார். நாலு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது. பெரியப்பாவுக்கு அரை நாள் எடுத்த வேலை எனக்கும் அரை நாள்தான் எடுத்தது.

மிச்ச அரை நாளும் நடந்தோம். எனக்கு இனிப் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் அவருக்குக் காட்ட இருந்தது. முப்பது வருடச் சண்டைக்குப் பிறகு சமாதானம் பேசிய மண்டபத்தைக் காட்டினார். நாலைந்து வருடம் பேசினார்களாம். "சந்திக்கிறதுக்கு முதல் ஆர் முதல்ல கும்பிடுறது எண்டே மாசக்கணக்கில கதைச்சவங்கள்" என்று சொல்லி, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எத்தனையோ படங்களும் சாசனங்களும் இருக்க, கண்ணாடிக்குள் வைத்திருந்த ஒரு காய்ந்த மனிதக் கையைக் காட்டுவதற்காகவே என்னை உள்ளே கூட்டிப் போனார் போலிருந்தது. யாருடைய கை என்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள், கைட் மட்டும் தெரியாது என்று சொல்வா என்றார். "தெரியாது எண்டு சொல்லத் தெரியோணும், அதுதான் அந்த வேலை" என்றார்.

நகர எல்லைக்கு அப்பால் ஒரு கோட்டை இருக்கிறது, நல்லதாம், ஆனால் அது பெர்மிற் இல்லாமல் போக முடியாத பக்கம். "வெளியால போக விடமாட்டினம். அதால நான் உள்ளுக்கு உள்ளுக்குப் போனன்" என்றார். முறைப்பாடாகச் சொல்லவில்லை. பின்னேரம் ஏரிக்கரையில், பாய்க்கப்பல்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம், குடையைப் புல்லில் வைத்தார்.

"பிள்ளைக்கு என்னை ஆர் எண்டு தெரியுமே?"

"ஞாயிற்றுக்கிழமை போனில கதைக்கிற ஆள் எண்டு தெரியும்."

உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு உண்மையைத்தான் அன்று முழுக்க நான் அவருக்குச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஒரு வாத்து, பின்னால் ஐந்து குஞ்சுகள்.

ஒன்பது மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஸ்ரேசனுக்குப் போகும் வழியில், கூடுகள் தொங்கிய கோபுரத்தின் கீழ் நிறுத்தினார். மேலேயிருந்து ஒரு கொம்புச் சத்தம் வந்தது, கன்றை இழந்த பசுவின் கத்தலும் கப்பல் சத்தமும் கலந்தது போல. கோபுரத்துக் காவல்காரன் ஊதுகிறான், ஊரில் தீ இல்லை, எதிரி இல்லை என்று சொல்வதற்காம். மூன்று திசைக்கு ஊதினான். நான்காவதற்குக் காத்து நின்றேன்.

"கிழக்குப் பக்கம் ஊதமாட்டான்" என்றார் அத்தான்.

"ஏன்?"

"தெரியாது." கைட் சொல்வது போலவே சொன்னார்.

பிளாற்போமில் ரெயில் வர ஐந்து நிமிடம் இருந்தது. நான் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்க, அவர் கையை நீட்டினார்.

"உந்த என்வலப்பை எடு. காலமை தொடக்கம் உன்ர கை அந்தச் சிப்பிலதான் கிடக்கு."

எடுத்துக் கொடுத்தேன்.

"விசாரிச்சு முடிஞ்சுதோ? நான் பாஸோ?"

"அத்தான், நான் வந்து..."

"விடு மச்சான். அப்ப உன்ர பெரியப்பாவும் இப்பிடித்தான், எங்கட சந்தியில அஞ்சு தேத்தண்ணி குடிச்சவர். கடைக்காரன் அண்டைக்கே வந்து சொல்லிப்போட்டான்." குடையை முழங்கையில் கொழுவிக்கொண்டு, என் முதுகைத் திருப்பச் சொல்லி, என் முதுகில் வைத்துக் கையெழுத்திட்டார். பேனையின் முனை சட்டைக்கூடாக எனக்குத் தெரிந்தது. மூன்று இடத்தில். மூன்றாவதற்கு முன்னால் பேனை கொஞ்ச நேரம் ஓரிடத்தில் நின்றது. அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், அப்போதைய என்னால் அதை வாசித்திருக்க முடியுமா என்பது வேறு கதை.

"அக்காவிட்டச் சொல்லு, எல்லாம் பாத்தனெண்டு" என்றார். ரெயில் நகர்ந்தபோது யன்னலால் பார்த்தேன். கூட்டத்தின் மேலே குடை நின்றது.

அக்கா குசினியில் நின்றபடியே கேட்டாள். பதினைந்தாம் மாடி யன்னலுக்கு வெளியே, நெருக்கமாக நின்ற மற்றக் கட்டடங்களில் எல்லாரும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குடி? இல்லை. பொம்பிளை? இல்லை அக்கா, அது ஒரு கைட், தாய் வயது, சந்தைப் பையைத் தூக்கிக் குடுக்கிறவர். அறை? சுத்தம், சுவரில் பிள்ளையின் படம். கையெழுத்து? இந்தா.

"வேறென்ன?"

நான் அவளைப் பார்த்தேன். பிள்ளை அடுத்த அறையில் ரீவியின் முன்னால் இருந்தாள். தெருவில் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். தூணைத் தட்டிய கையைச் சொல்லியிருக்கலாம். சிவந்த காதை, நீளப் பேச்சை, மூன்றாவது கையெழுத்துக்கு முன் நின்ற பேனையை.

"வேறொண்டுமில்லை" என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்து, பனிக்காலத்தில், அத்தான் வந்து இறங்கினார். ஒரு சூட்கேஸ், ஒரு குடை. வந்த கிழமையே நான் அவரை ஊர் காட்டக் காரில் ஏற்றினேன். பட்ட கடன் என்று நினைத்தேன். வானளாவிய கோபுரம், ஏரி, பெரிய கடைகள். ஒவ்வொரு இடத்திலும் அவர் கேட்டார், இதற்கு முந்தி இந்த இடத்தில் என்ன இருந்தது என்று. தெரியாது அத்தான் என்றேன். ஒரு சிலையைக் காட்டி இவர் ஆர் என்றார். அதுவும் தெரியாது. "கேட்டுப் பாக்கேல்லையோ?" என்றார். ஆரைக் கேக்கிறது என்றேன். பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவின் முன்னால், பனி தள்ளிக் குவித்திருந்த கார்த் தரிப்பிடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்கவில்லை.

இருபத்தொரு வருடம் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு நாள் பிந்தவில்லை. பன்னிரண்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போவார். அவள் வெட்கப்பட்டு இருபது அடி முன்னால் நடப்பாள், அவர் பின்னால் போவார். வெயில், மழை, பனி, எல்லாவற்றிலும். அவளுடைய கலியாணத்தில் அவள் அழுதது அவருடைய தோளில்தான், அக்காவின் தோளில் இல்லை. ஆகவே நான் கெடுத்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. குடை மட்டும் அவருடைய உடுப்பு அலுமாரிக்குள், தொங்கும் சேட்டுகளுக்குப் பின்னால் நின்றது. இங்கே அதை அவர் உயர்த்தி நான் கண்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், இருதயம் நின்று இறந்து போனார். முப்பத்தோராம் நாள் சடங்கெல்லாம் முடிந்து சனம் போன பின்னேரம், அக்கா அந்தக் குடையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உனக்குத்தான் இது ஞாபகம் இருக்கும் என்றாள். நான் அப்போதுதான் சொன்னேன். அக்கா, அண்டைக்கு நீ வேறென்ன எண்டு கேட்டாய். நான் ஒண்டுமில்லை எண்டன். அது பொய்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கடிதம் எழுதுறவரெல்லே. மூண்டு பக்கம் அந்த ஊரைப் பத்தி இருக்கும், கடைசி வரியில நாங்கள் இருப்பம். கைட் வேலைக்குச் சோதினை எடுக்கச் சொல்லி அந்த மனிசி கேட்டவா, விசாவுக்கும் தான் கதைக்கிறன் எண்டவா எண்டெல்லாம் எழுதினவர். நீ போறதுக்கு முதலே எழுதினவர்."

சந்தைச் சதுக்கத்தின் அந்த நீளப் பேச்சு, கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, வெக்ஸ்போர்ட்டில் அக்கா வீட்டுச் சோபாவில் எனக்கு மொழிபெயர்ப்பாகிக் கிடைத்தது.

"தெரிஞ்சுகொண்டே ஏன் என்னைப் பொம்பிளை இருக்கோ எண்டு பாக்க அனுப்பினனி?"

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "பொம்பிளையா இருந்திருந்தால் நல்லம் எண்டு நினைச்சன். பொம்பிளையெண்டால் சண்டை பிடிச்சு வெல்லலாம். ஊரோட எப்பிடியடா சண்டை பிடிக்கிறது?" கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ ஒண்டுமில்லை எண்டாய். நான் ரெண்டாந்தரம் கேக்கேல்லை. பிள்ளைக்கு அப்பா வேணும். எனக்கும் ஆள் வேணும்."

"ஒரு நாளாவது சொன்னவரே? வந்தது பிழையெண்டு?"

"ஒரு நாளும் இல்லை. நித்திரையில மட்டும் ஜேர்மன் கதைப்பார். ஆருக்கோ எதையோ காட்டுற மாதிரி. கையும் இப்பிடி மேல போகும்." அக்கா தன் வலது கையை, முட்டியாகப் பொத்தி, தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

வெளியே வந்தபோது நல்ல மழை. லோறன்ஸ் வீதியில் கையில் குடையோடு நனைந்துகொண்டு நடந்தேன். எதிரே வந்த ஒரு பொடியன் என்னை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு போனான். பஸ் தரிப்பிடத்துக்கு இன்னும் இருபது அடி இருக்க, பஸ் கதவை மூடிக்கொண்டு புறப்பட்டது. என் கை தானாக மேலே போயிற்று, கையோடு குடையும். பஸ் நின்றது. தண்ணீர் சொட்ட ஏறிய என்னையும் குடையையும் சாரதி மாறி மாறிப் பார்த்தார். உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

இல்லை, வேலை செய்கிறது என்றேன்.